ஒரே வலையமைப்பு, பல பாதைகள்: கைபேசி அலைவரிசையைக் கூறிடுவதன் பொருளாதாரம்

(பயிற்சி அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வெளியூருக்குத் தொலைபேசியில் பேச வேண்டுமாயின் 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்நாளில் தொலைபேசித் துறை அழைப்புகளை சாதாரணம், அவசரம், மின்னல் என்று வகைப்படுத்தியிருந்தது. எல்லா வகை அழைப்புகளும் ஒரே கம்பி வழியாகத்தான் சென்றன. கம்பிகள் போதாத நாட்டில் யார் முதலில் பேசுவது என்பதைக் கட்டணம் தீர்மானித்தது; மின்னல் அழைப்புக்குச் சாதாரண அழைப்பைக் காட்டிலும் பன்மடங்கு கட்டணம். 1960ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே சந்தாதாரரே எண்ணைச் சுழற்றி நேரடியாகப் பேசும் முறை தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவிய அளவுக்கு இந்தப் பாகுபாடும் தேய்ந்து மறைந்தது. கம்பிகள் பெருகவே வரிசை தேவையற்றதாயிற்று.

ஐந்தாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பு வந்தபின் அந்தப் பாகுபாடு வேறோர் உருவில், மிக நுட்பமான கருவிகளோடு, மீண்டும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'நெட்வொர்க் ஸ்லைசிங்' எனப்படும் இதனைத் தமிழில் வலையமைப்பைக் கூறிடுதல் எனலாம். சந்தையில் காய்கறியைக் கூறு கட்டி விற்பதைக் கண்டவர்களுக்கு இச்சொல் எளிதில் விளங்கும். குவியல் ஒன்றுதான், ஆனால் கூறு கட்டியபின் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி உரிமையாளர். பொறியாளர்கள் இதனைப் பெரும் முன்னேற்றம் என்கிறார்கள்; அது சரியே. எனினும் இங்கே கூறிடப்படும் பொருள் அலைக்கற்றை. அது நாட்டு மக்களின் பொதுச் சொத்து. அரசு அதனை ஏலத்தில் உரிமத்திற்கு விடுகிறது. 2022ஆம் ஆண்டு ஜூலை 26 முதல் ஆகஸ்டு 1 வரை நடைபெற்ற ஏலத்தில் 51,236 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 1,50,173 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. ஆகவே அதை எவ்வாறு கூறிடுகிறார்கள், யாருக்கு எந்தக் கூறு போகிறது, எஞ்சியது எவ்வளவு என்ற கேள்விகள் பொறியியலோடு முடிந்துவிடுவன அல்ல.

முதலில் இதன் இயக்கம். நான்காம் தலைமுறை வரையில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு ஏறத்தாழ எல்லாருக்கும் பொதுவான ஒரே சாலையாக இருந்தது. அதிலும் முன்னுரிமை இல்லாமல் இல்லை. 'வோல்ட்டி' எனப்படும் குரல் அழைப்புக்குத் திரைப்படம் பார்ப்பவரின் தரவைக் காட்டிலும் முந்திச் செல்லும் உரிமை அப்போதே அளிக்கப்பட்டது. ஆனால் அது ஒரே சாலையில் ஆம்புலன்சுக்கு வழிவிடுவது போன்றது. ஐந்தாம் தலைமுறையிலோ ஒரே கோபுரம், ஒரே கம்பியிழை, ஒரே கணினிக் கூடம் ஆகியவற்றின் மீது, மென்பொருளின் துணையால், தனித்தனி வலையமைப்புகள் போலவே இயங்கும் பல கூறுகளை அமைக்க முடிகிறது. உலக அளவில் கைபேசித் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 'த்ரீ ஜிபிபி' என்ற கூட்டமைப்பு 2018இல் முடித்த பதினைந்தாம் வெளியீட்டில் இதற்கான இலக்கணத்தை வகுத்தது. ஒவ்வொரு கூறுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதற்பகுதி கூறின் வகையைச் சொல்லும்: 1 என்றால் மிகுவேகத் தரவு, 2 என்றால் தாமதமின்றியும் தவறாமலும் சென்றடைய வேண்டிய செய்தி, 3 என்றால் மின்னளவி, நீரளவி போன்ற எண்ணற்ற சிறு கருவிகள். ஊர்திகளுக்கான 4ஆம் வகை பின்னர் சேர்க்கப்பட்டது. ஒரு கருவி ஒரே நேரத்தில் எட்டுக் கூறுகள் வரை இணைந்திருக்கலாம். ஒரே கைபேசியில் அலுவலகச் செயலி ஒரு கூறிலும் பொழுதுபோக்குச் செயலி மற்றொன்றிலும் செல்ல, அவற்றைக் கையில் வைத்திருப்பவருக்கு எதுவுமே தெரியாமலிருக்கலாம்.

கம்பியிழையிலும் கணினிக் கூடத்திலும் கூறிடுவது பெரிய சங்கடமன்று; பணம் செலவிட்டால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளலாம். இடர்ப்பாடு வானலையில்தான். 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஐந்தாம் தலைமுறை அலைவரிசையை வழக்கமான அமைப்பில் 273 கட்டங்களாகப் பகுக்கிறார்கள். அரை மில்லி நொடிக்கு ஒரு முறை கோபுரத்திலுள்ள கருவி இந்த 273 கட்டங்களை யார் யாருக்கு எத்தனை என்று பங்கிட்டுக் கொடுக்கிறது. கூறிடுவது என்றால் இந்தப் பங்கீட்டில் தலையிடுவது என்று பொருள்.

இந்தத் தலையீட்டின் வகைகளை அலுவலர்கள் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ஒப்பந்தங்களில் இவை ஒரே சொல்லுக்குள் மறைந்துகொள்வது வழக்கம். ஒரு கூறுக்கு மூன்று விழுக்காடுகள் குறிக்கப்படுகின்றன. முதலாவது, முற்றாக ஒதுக்கப்பட்ட பங்கு. அக்கூறுக்கு வேலை இல்லாதபோதும் அதை வேறு எவரும் தொடக் கூடாது. இரண்டாவது, உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்சப் பங்கு. வேண்டும்போது கிடைக்கும், வேண்டாதபோது மற்றவர்களுக்குப் பயன்படும். மூன்றாவது, உச்ச வரம்பு. இரயில் வண்டியில் பூட்டிவைத்த பெட்டிக்கும், உரியவர் வரும்வரை பிறர் அமரலாம் என்ற இருக்கைக்கும் உள்ள வேறுபாடே முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ளது. பூட்டிய பெட்டி காலியாக ஓடினால் நட்டம் நடைமேடையில் நிற்பவர்களுக்கு.

அந்த நட்டம் எவ்வளவு என்பதைக் கணக்கிடும் வழியை டென்மார்க் நாட்டுக் கணிதவியலர் எர்லாங் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே காட்டிச் சென்றார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1917இல் வெளியிட்ட வாய்பாடு இன்றும் பொறியாளர்களின் கைக்கருவியாக உள்ளது. நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தோல்வியுறக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 40 தடங்கள் உள்ள ஒரு தொகுதி சராசரியாக ஒரே நேரத்தில் 29 அழைப்புகளின் சுமையைத் தாங்கும். அதே 40 தடங்களைப் பத்துப் பத்தாக நான்கு தொகுதிகளாகப் பிரித்து நான்கு பேரிடம் கொடுத்தால் ஒவ்வொரு தொகுதியும் சுமார் 4.46 அழைப்புகளைத்தான் தாங்கும். நான்கும் சேர்ந்து 18ஐக்கூட எட்டுவதில்லை. ஒரு கம்பிகூடக் குறையவில்லை; ஆயினும் பயனில் ஐந்தில் இரண்டு பங்கு வரை காணாமற்போய்விடுகிறது. ஒருவரிடம் நெரிசலும் அடுத்தவரிடம் வெறுமையும் ஒரே வேளையில் நிலவுவதே காரணம். தரவுப் போக்குவரத்துக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. தரவு சற்றுக் காத்திருக்கும், குரல் காத்திருக்காது. எனினும் கொள்கை ஒன்றே. பொதுக் குளத்தைத் தனிக் கிணறுகளாகப் பிரித்தால் மொத்தப் பாசனம் சுருங்குகிறது.

இவ்வளவு இழப்பு இருந்தும் கூறிடுவது ஏன்? எல்லாத் தேவையும் ஒரே தன்மையதாக இல்லை என்பதே விடை. மின்துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். குஜராத் மாநிலத்தில் கிராமங்களின் வீட்டு விளக்கும் வயற்கிணற்று மோட்டாரும் ஒரே மின்தடத்தில் இணைந்திருந்தன. பாசனத்துக்கு மின்சாரத்தை அளந்து விட வேண்டியிருந்தபோது வீடு, பள்ளி, மாவரைக்கும் நிலையம் ஆகியவையும் சேர்ந்தே இருளில் மூழ்கின. 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம் விவசாயத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனி மின்தடங்களை அமைத்தது. மின் உற்பத்தி அதே, தடம் பிரிந்தது. வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரமும், வயல்களுக்குக் குறித்த நேரத்தில் முழு அழுத்த மின்சாரமும் கிடைத்தன. பிரிவினையால் இரு தரப்பும் நன்மையடைந்தது என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் சொந்தக் கிணறில்லாமல் அடுத்தவரிடம் நீரை விலைக்கு வாங்கிப் பயிரிட்ட சிறு உழவர்கள், பாசன நேரம் சுருங்கியதால் நீர் கிடைக்காமல் துன்புற்றதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூறு பெறுபவரையும் எஞ்சியதைப் பெறுபவரையும் மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. கணக்கிலேயே வராத மூன்றாமவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

கைபேசித் துறையில் இதற்கு நிகரான நிலைமை வீட்டு இணைய இணைப்பில் தோன்றியுள்ளது. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, கம்பியிழை எட்டாத வீடுகளுக்குக் கோபுரத்திலிருந்து நேராக வானலை வழியே இணையம் வழங்கும் சேவைகளைத் தனியார் நிறுவனங்கள் விரிவாக்கத் தொடங்கின. தெருவைத் தோண்ட வேண்டாம், வீட்டுக் கூரையில் ஒரு பெட்டியைப் பொருத்தினால் போதும். சிற்றூர்களுக்கு இது உண்மையிலேயே வரப்பிரசாதம். ஆனால் கைபேசியில் செய்தி பார்ப்பவரும் தொலைக்காட்சித் திரையில் மாலை முழுவதும் படம் பார்க்கும் குடும்பமும் அதே 273 கட்டங்களுக்குப் போட்டியிடுகிறார்கள். வீட்டு இணைப்பு ஒன்று கைபேசி ஒன்றைக் காட்டிலும் பல மடங்கு தரவை உண்கிறது. இவ்விரண்டையும் தனிக் கூறுகளாக்கி, வீட்டு இணைப்புக்கு உச்ச வரம்பும் கைபேசிக்குக் குறைந்தபட்ச உறுதியும் வைத்தால் சாலையில் நடப்பவருக்குத் தீங்கு நேராது. வரம்பை மாற்றிப் போட்டால் தீங்கு முழுவதும் அவர் தலையில் விழும். இரண்டும் ஒரே தொழில்நுட்பம்தான். கணினித் திரையில் ஓர் எண்ணை மாற்றுவது மட்டுமே வேறுபாடு. அந்த எண் நிறுவனத்திற்கு வெளியே எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

பொருளாதாரம் பயில்வோர் இவ்விடத்தில் பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளியலருமான டியூப்யுயி 1849இல் எடுத்துரைத்த ஒரு கருத்தை நினைவுகூரலாம். அக்கால இரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இருக்காது. கூரைக்கான செலவை மிச்சப்படுத்துவது நிறுவனத்தின் நோக்கமாக இருக்க முடியாது. அது அற்பத் தொகை. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே நோக்கம் என்று அவர் காட்டினார். ஏழைப் பயணி வெயிலிலும் மழையிலும் வாடியது அவருக்கு எதிரான பகைமையால் நேர்ந்ததன்று. பணம் படைத்தவரை அச்சுறுத்தி மேல் வகுப்புக்கு அனுப்பும் உத்தியின் பக்க விளைவு அது. உயர்ந்த கூறுக்குத் தனிக் கட்டணம் பெற விரும்பும் எந்த நிறுவனத்துக்கும் பொதுக் கூறு மிக நன்றாக இருப்பது வணிக நோக்கில் ஒரு தொல்லையே. பொதுக் கூறு சிறப்பாக இயங்கினால் தனிக் கூறை யார் வாங்குவார்?

இதற்கு நேர்மையான மறுமொழியும் உண்டு. பாரிஸ் நகரச் சுரங்க இரயிலில் நெடுங்காலம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இருந்தன. 1991இல்தான் முதல் வகுப்பு முற்றாக நீக்கப்பட்டது. பெட்டிகளின் ஓட்டமும் நேரமும் ஒன்றே; கட்டணம் மட்டும் வேறு. கட்டணம் கூடியதால் முதல் வகுப்பில் கூட்டம் குறைவு. கூட்டம் குறைவதை விரும்பியவர் பணம் கொடுத்தார். அதுபோல இணையத்தையும் பகுக்கலாம் என்று கணிதவியலர் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ 1999இல் ஒரு யோசனையை முன்வைத்தார். தனிக் கூறுக்குப் பெறும் கூடுதல் வருவாய் புதிய கோபுரங்களில் முதலீடாகுமானால் பொதுக் கூறும் பெருகும் என்பதே நிறுவனங்களின் வாதமாகும். வாதம் தவறானதன்று. ஆனால் அந்த 'ஆகுமானால்' என்ற சொல்லின் மீதே அது முழுவதும் நிற்கிறது.

கூறிடுதலால் தெளிவான நன்மை விளைந்த நிகழ்ச்சிகளைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. 2023 மே மாதம் லண்டனில் மன்னர் மூன்றாம் சார்லசின் முடிசூட்டு விழா நடைபெற்றபோது, வோடஃபோன் நிறுவனம் ஐ.டி.என். என்ற செய்தி நிறுவனத்துக்கென ஒரு தனிக் கூறை ஒதுக்கியது. தெருவெங்கும் திரண்டிருந்த மக்கள் தம் கைபேசிகளில் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்த நெரிசலிலும் செய்தியாளரின் நேரடி ஒளிபரப்பு தடைப்படவில்லை. சில மணி நேரத்துக்கு, சில தெருக்களில், குறித்த பணிக்காக அமைத்துப் பின்னர் கலைத்துவிட்ட கூறு அது. நம் நாட்டின் திருவிழாக்களையும் மேளாக்களையும் எண்ணிப் பார்த்தால் காவல்துறைக்கும் மருத்துவக் குழுவுக்கும் இதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

சட்ட நிலையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில், தரவுச் சேவையில் உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணம் வேறுபடுத்துவதைத் தடை செய்தது. 2017 நவம்பரில் இணையச் சமநிலை பற்றிய பரிந்துரைகளை அளித்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அவற்றை ஏற்றது; பின்னர் அவை உரிம நிபந்தனைகளில் சேர்க்கப்பட்டன. ஒருவரது இணையப் போக்குவரத்தை அதன் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ சலுகை காட்டவோ கூடாது என்பது அதன் சாரம். அதே நிபந்தனையில் 'சிறப்புச் சேவை'களுக்கு விலக்கும் உண்டு. அச்சேவை பொது இணையத்துக்கு மாற்றாக விற்கப்படக் கூடாது. பொது இணையத்தின் கிடைக்கும் தன்மையையும் தரத்தையும் கெடுக்கக் கூடாது. கூறிடுதல் நுழையும் வாசல் இதுவே. வாசல் குறுகலாகவும் நல்ல முறையிலும் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் 'தரத்தைக் கெடுக்கக் கூடாது' என்ற நிபந்தனை நிறைவேறுகிறதா என்று அறிய வேண்டுமானால், கூறிடுவதற்கு முன் பொதுத் தரம் எவ்வளவு இருந்தது, பின்னர் எவ்வளவு ஆயிற்று என்று கோபுரவாரியாக அளவிட வேண்டும். மாநில அளவிலான சராசரியைப் பார்த்து இதனைக் கண்டுபிடிக்க இயலாது. தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மாலை ஏழு மணிக்கு நிகழும் நெரிசல், மாவட்டம் முழுமைக்குமான மாதச் சராசரியில் கரைந்துவிடும்.

இந்த ஒரு விஷயத்தில் அரசு உறுதியாக இருப்பது நலம். அலைக்கற்றையில் எத்தனை விழுக்காடு முற்றாக ஒதுக்கப்பட்டது, எத்தனை விழுக்காடு குறைந்தபட்ச உறுதியாக அளிக்கப்பட்டது என்ற இரு எண்களையும் உரிமதாரர் கோபுரவாரியாக ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என விதிக்கலாம். வாடிக்கையாளர் பெயரோ விலையோ வெளியிடப்பட வேண்டியதில்லை. வணிக இரகசியம் காக்கப்படட்டும். இவ்வெண்கள் எப்படியும் கருவியில் பதிந்துள்ளவையே. அவற்றைத் திரட்டுவதால் நிறுவனத்துக்குப் பெரிய சுமை ஏற்படும் என்பதை ஏற்பதற்கில்லை.

தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை 2022 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சில வழிகளைத் திறந்துவைத்தன. ஓர் ஆலையோ துறைமுகமோ தன் வளாகத்துக்குள் தனி வலையமைப்பை விரும்பினால், கைபேசி நிறுவனத்தின் பொது வலையமைப்பில் ஒரு கூறை வாங்கலாம். அந்நிறுவனத்தைக் கொண்டே தனித்த வலையமைப்பை நிறுவலாம். அலைக்கற்றையை நிறுவனத்திடமிருந்து குத்தகைக்குப் பெறலாம். தேவையை ஆய்ந்தபின் அரசிடமிருந்தே நேரடியாகப் பெறும் வழியும் பேசப்பட்டது. கூறு வாங்குவது மலிவு. சொந்த வலையமைப்பு உறுதி. இடையில் எங்கே நிற்பது என்பது அந்தந்த ஆலையின் பணியைப் பொறுத்தது. இரயில்வே இதில் ஒரு வழியைத் தேர்ந்துகொண்டது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை இரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5 மெகாஹெர்ட்சைத் தனியாக ஒதுக்க ஒப்புதல் அளித்தது. ஓட்டுநருக்கும் கட்டுப்பாட்டறைக்கும் இடையிலான பேச்சும் மோதல் தவிர்ப்புச் சமிக்ஞையும் பிறர் வலையமைப்பில் ஒரு கூறாக இருப்பதைவிடச் சொந்தத் தடத்தில் செல்வதே தக்கது என்று கருதப்பட்டது. உயிர் சார்ந்த பணியில் அம்முடிவைக் குறைகூற இடமில்லை. கூறுகள் தர்க்க அளவில் பிரிந்திருந்தாலும் கோபுரமும் மின்கலமும் கம்பியிழையும் பொதுவானவை; அடித்தளம் சரிந்தால் எல்லாக் கூறுகளும் ஒருங்கே சரியும்.

பேரிடர் மேலாண்மையில் இருப்போர் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2018 ஜூனில் ஒழுங்குமுறை ஆணையம், பொதுமக்கள் பாதுகாப்புக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் நாடு தழுவிய ஓர் அகலப்பட்டை வலையமைப்பைப் பரிந்துரைத்தது. அத்தகைய தனி வலையமைப்பு பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். ஆகவே, கைபேசி நிறுவனங்களிடமிருந்து ஒரு கூறை வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். நெரிசலே இடராக இருக்கும் நாட்களுக்கு, அதாவது பெருங்கூட்டம், கலவரம், விபத்து ஆகியவற்றுக்கு, கூறு மிக நல்ல விடை. 2019 மே 3 அன்று ஒடிசாவைத் தாக்கிய ஃபானி புயலில் நிகழ்ந்தது வேறு. பூரியிலும் புவனேசுவரத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்து, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பெருமளவில் அற்றுப்போயின. மின்சாரமற்ற கோபுரத்தில் எந்தக் கூறுக்கும் வேலையில்லை.

எனவே மாவட்ட நிருவாகமோ மருத்துவமனையோ நாளை ஒரு கூறுக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 'அதிவேக முன்னுரிமைச் சேவை' என்ற அலங்காரச் சொல்லோடு நின்றுவிடாமல் சிலவற்றை எழுத்தில் பெற வேண்டும். ஒதுக்கீடு பூட்டியதா, தேவைப்படும்போது மட்டும் மீட்பதா? உறுதி கட்டங்களின் எண்ணிக்கைக்கா, வேகத்துக்கா? இக்கேள்வியைச் சிறியதென்று தள்ளலாகாது. கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்குச் சில கட்டங்களில் கிடைக்கும் வேகத்தைத் தொலைவில் சுவர்களுக்குள் இருப்பவர் பெற அதைப்போலப் பல மடங்கு கட்டங்கள் வேண்டும். கட்டங்களுக்கு மட்டும் உறுதி பெற்ற ஆம்புலன்ஸ் ஊரின் எல்லையில் தவிக்கும். வேகத்துக்கு உறுதி பெற்றால் அங்கே அது மற்றவர்களின் பங்கைக் கணிசமாக விழுங்கும். கோபுரத்திலிருந்து கூடத்துக்குச் செல்லும் இணைப்பு கம்பியிழையா, நுண்ணலையா? வானில் ஒதுக்கிய பாதை தரையில் குறுகிவிட்டால் பயனில்லை. மின்தடை நேரும்போது அக்கோபுரத்தின் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், டீசலை நிரப்ப வேண்டியவர் யார், சாலை அடைபட்டால் அவர் எவ்வழியே வருவார் என்பதையும் அதே ஒப்பந்தத்தின் அதே பக்கத்தில் எழுதி வாங்க வேண்டும்.